சந்தா பாக்கியும் சவப்பெட்டியும்: யாங்கூன் தமிழ்ச் சபைப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர் ஐயாமார்களுக்கும், பங்குத்தந்தையர்களுக்கும், மூப்பர்களுக்கும், கமிட்டியில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும், மாதர் சங்கத்து அக்காமார்களுக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் முக்கியமாகக் கேட்கப்போவது இரண்டு காரியம். சபையில் ஒருவர் இறந்தால் அந்த வீட்டின் சந்தா பாக்கியைப் பார்க்காமல் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். நன்மை பெற்றவர்கள் நன்றியாகக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கையை ஆலயத்தில் வாசிக்கும்போது பெயரையும் காரணத்தையும் வாசியுங்கள், தொகையை வாசிக்காதீர்கள். முதலாவது துக்கத்தைப் பற்றியது, இரண்டாவது சந்தோஷத்தைப் பற்றியது. இரண்டிலும் நாம் பணத்தை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டோம். வருடாந்தக் கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தவர்கள் உண்டு. "அது பைலாவுல இருக்கு, அடுத்த விஷயத்துக்குப் போவோம்" என்ற பதிலோடு உட்கார்ந்துவிட்டார்கள். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் நம் சபைகளில் ஒன்றைச் சேர்ந்த ஒரு அண்ணன் இறந்துபோனார். எந்தச் சபை, யார் வீடு என்று சொல்லமாட்டேன். அந்தக் குடும்பத்துக்கு இன்னும் ஒரு பாரம் வேண்டாம். ஆறாம் மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. மின்சாரம் நிறுத்தும் முறை அன்று அந்தத் தெருவுக்கு. கூடத்தில் பாய் விரித்து அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் இரண்டு மெழுகுவத்தி. நாங்கள் பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். அப்போது சபையார் அடக்கச் செலவுக்காக மாதச் சந்தா போடும் சாவு ஃபண்டின் பொறுப்பாளர் வந்தார். மழையில் நனையாமல் இருக்க பாலிதீன் பையில் சுற்றிய நீள நோட்டு. ஜெபம் முடியும்வரை காத்திருந்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் ஏடு ஏடாகப் புரட்டினார். பெயர் கிடைத்ததும் அந்த அக்காவிடம் குனிந்து, தாழ்ந்த குரலில்தான் சொன்னார்: "பதினோரு மாசம் நிக்குதுக்கா. ஆறு மாசத்துக்கு மேல நின்னா பெட்டியும் வண்டியும் நம்ம ஃபண்டுல கெடயாது. பாக்கியக் கட்டிட்டா கமிட்டியில பேசிப் பாக்கலாம்."

அக்கா, "சரி தம்பி" என்றார். வேறு ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் பாட்டும் நின்றுபோயிற்று.

கீழே டீக்கடை வைத்திருக்கும் பர்மியர் ஒருவர் வீட்டுக்குத் தண்ணீர் போத்தல் கொண்டுவந்தவர். நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. வாசலில் நின்றபடியே கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்தார். மறுநாள் காலையில் இலவசச் சவ வண்டி வந்தது. வந்த பையன்கள் கேட்டது நான்கே கேள்வி: பெயர் என்ன, வயது என்ன, எத்தனையாவது மாடி, புதைக்கவா எரிக்கவா. அந்தக் குறுகலான படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிச் சாய்த்து, சுவரில் இடிக்காமல் இறக்கினார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. யேவே மயானத்தில் நம் போதகர் அடக்க ஆராதனையை நன்றாகவே நடத்தினார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அந்த நோட்டைப் புரட்டிய சகோதரர் மேலும் எனக்குக் கோபமில்லை. அவரை எனக்கு வெகு காலமாகத் தெரியும். கல்நெஞ்சக்காரர் அல்ல. அன்று மலர்வளையம் வாங்கியது அவருடைய சொந்தக் காசு. விதியை ஒரு வீட்டுக்குத் தளர்த்தினால் நாளைக்கு மற்ற வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் அப்படிச் செய்தார். ஆகவே அவரைக் கேட்டுப் பயனில்லை. விதியை வைத்திருக்கிற உங்களைக் கேட்கிறேன்.

அந்தப் பதினோரு மாதப் பாக்கி ஏன் நின்றது? நோட்டில் அதற்கு இடமில்லை. அந்த வீட்டுப் பையன் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வருவதாக அறிவித்தார்கள். ஆண்களில் 18 முதல் 35 வரை, பெண்களில் 18 முதல் 27 வரை. அந்த அறிவிப்புக்குப் பிறகு நம் சபைகளில் எத்தனை பெஞ்சுகள் காலியாயின என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்த சேமிப்பையெல்லாம் போட்டு அவனை அனுப்பினார்கள். அங்கே வேலை நிலைக்கவில்லை. இங்கே அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. ஆலயத்துக்கு ஒழுங்காக வந்தார்கள், கடைசிவரை வந்தார்கள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. பையன் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது கைப்பேசித் திரையில். அதுவும் நெட் பாதியில் நின்றுவிட்டது.

பாக்கி இத்தனை மாதம் என்று சபைக்குத் தெரிந்திருந்தது. பிள்ளை வீட்டில் இல்லை என்பது தெரியவில்லை. இதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை, பெரியவர்களே.

இந்தச் சாவு ஃபண்டு எங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நமக்கே மறந்துவருகிறது. 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தெருவில் தமிழும் தெலுங்கும் இந்தியும் கேட்ட ஊர் இது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் குண்டு போட்டான். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் போட்டான். பண்டிகைக்குத் தைத்த சட்டையோடு ஜனங்கள் ஓடியதாக என் பாட்டி சொல்வார். அதற்குப் பிறகு சில மாதங்களில் ஐந்து லட்சம் பேர்வரை இந்தியாவை நோக்கிக் கிளம்பினார்கள். பெரும்பாலானோர் நடந்தே போனார்கள். அரக்கான் மலையைத் தாண்டி ஒரு வழி, தமு வழியாக மணிப்பூருக்கு ஒரு வழி, ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கு ஒரு வழி. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். புதைக்க ஆளில்லை, குழி தோண்டத் தெம்பில்லை. பாட்டியின் தங்கையை ஒரு மரத்தடியில் துணி போர்த்தி விட்டுவிட்டு வந்தார்கள். பாட்டி சாகும்வரை அந்த மரத்தைப் பற்றிப் பேசினார், தங்கையைப் பற்றிப் பேசினதைவிட அதிகமாக.

சண்டைக்குப் பிறகு திரும்பிவந்தவர்கள் கஞ்சிக்கு இல்லாத காலத்திலும் அடக்கத்துக்கென்று தனியாகக் காசு எடுத்துவைத்ததற்கு அந்த மலைப்பாதைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். நம்மில் ஒருவரையும் இனிமேல் வழியில் விட்டுவிட்டு வரக்கூடாது என்ற வைராக்கியம் அது.

அப்புறம் 1964. மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பல் கப்பலாக ஆட்கள் சென்னைக்குப் போனார்கள். அங்கே பர்மா காலனி, பர்மா பஜார் என்று பெயர்கள் உண்டானதெல்லாம் அந்த ஜனங்களால்தான். இருந்தவர்கள் ஏழைகள், அல்லது போக இடமில்லாதவர்கள், அல்லது இந்த மண்ணைவிட மனமில்லாதவர்கள். 1965இல் மிஷன் பள்ளிக்கூடங்களை எடுத்தார்கள். 1966இல் வெளிநாட்டு மிஷனரிகளில் பெரும்பாலானோரை அனுப்பிவிட்டார்கள். பெரிய பெரிய ஆலயங்கள், உள்ளே கைப்பிடி ஜனம். ஒரு சபையில் சாவு விழுந்தால் பெட்டி தூக்க ஆண்பிள்ளைகள் போதமாட்டார்கள். மெதடிஸ்ட் சபைச் சாவுக்குக் கத்தோலிக்கர் தோள் கொடுத்தார்கள். பாப்டிஸ்ட் சபைச் சாவுக்கு அம்மன் கோவில் தெருக்காரர்கள் வந்தார்கள். என் அம்மா இதைச் சொல்லும்போது அவர் குரலில் துக்கம் இருக்காது, பெருமிதம்தான் இருக்கும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஆளுக்கு அரை கியாட், ஒரு கியாட் என்று போட்டுவைத்த பெட்டிதான் இன்றைக்கு நம் சாவு ஃபண்டு. கொடுக்க முடிந்தவன் போட்டான், செத்தவனுக்கு எடுத்தார்கள். பாக்கி என்ற பத்தி பிறகு வந்தது.

எப்போது வந்தது என்று நான் தேடப்போவதில்லை. ஏதோ ஒரு சமயத்தில் யாரோ ஏமாற்றியிருப்பார்கள், அதைத் தடுக்க எழுதியிருப்பார்கள். அது அப்போது நியாயமாகவும் இருந்திருக்கும்.

நம் காலத்திலேயே இதற்கு நேர்மாறான ஒன்றை நாம் பார்த்தோமே. 2021 ஜூலை, கொரோனா காலம். ஆஸ்பத்திரிகளில் இடமில்லை. விடிவதற்கு முன் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆக்ஸிஜன் நிரப்பும் இடங்களின் முன்னால் வரிசை. யேவே, தெயின்பின் மயானங்களில் எரிப்பதற்கு உடல்கள் காத்துக்கிடந்தன. நோய் வந்த வீடுகளில் சாப்பாடு வேண்டுமென்றால் வெள்ளைத் துணியும், மருந்து வேண்டுமென்றால் மஞ்சள் துணியும் தொங்கவிடச் சொன்னார்கள். நம் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் தொங்குமே ஒரு கயிறு, நுனியில் கிளிப் போட்டு, பேப்பரும் காய்கறியும் மேலே இழுப்பதற்கு. அந்தக் கயிறுகள் எத்தனை உயிரைக் காப்பாற்றின! கீழே ஒருவர் கஞ்சிப் பாத்திரத்தைக் கட்டி மணியை இழுப்பார். மேலே நடுங்கும் கை ஒன்று இழுக்கும். ஆக்ஸிஜன் அளவுமானி ஒன்று எங்கள் தெருவில் எட்டு வீட்டுக் கயிறுகளில் ஏறி இறங்கியது. அது ஒரு ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்துடையது. எங்கள் சபைப் பாட்டி ஒருவர் அதனால்தான் பிழைத்தார். சிலிண்டரைத் தூக்கிவந்தவன் இந்துப் பையன். அந்த மாதத்தில் யாரும் யாரிடமும் சந்தா நோட்டைக் கேட்கவில்லை. கமிட்டி கூடமுடியாததால் கமிட்டியின் அனுமதியும் இல்லாமல் எல்லாம் நடந்தது. அந்த மாதம் நாம் சபையாக இருந்தோம். நம்முடைய மிக மோசமான மாதமும் அதுதான். என்னால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கமுடியவில்லை.

"எல்லாருக்கும் எடுத்தால் பெட்டி காலியாகிவிடும்" என்பீர்கள். நியாயமான கவலை. ஆனால் பெட்டியின் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் 1,300 கியாட் சொச்சம். பிறகு வெளிச்சந்தையில் அது மூன்று மடங்கையும் தாண்டிப்போயிற்று. அரிசி, எண்ணெய், பலகை, வண்டிக்குப் பெட்ரோல் எல்லாம் அதோடு ஏறிவிட்டன. நாம் பாதுகாத்து வைத்திருக்கிற அந்தப் பணம் பீரோவுக்குள் இருந்தபடியே கரைந்துகொண்டிருக்கிறது. பாக்கிக்காரரை வெளியே நிறுத்தி அதைக் காப்பாற்ற முடியாது. ஒரு சபை தனியாக அதைத் தாங்கவும் முடியாது. தமிழ்ச் சபைகள் எல்லாம் சேர்ந்து ஒரே அடக்க நிதி வைத்தால் என்ன? மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கப் பங்குகள் என்று எல்லாரும். உபதேசத்தில் ஒன்றுசேர நான் சொல்லவில்லை. ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்ற விவாதம் அதன் இடத்தில் இருக்கட்டும். பெட்டிக்கும் வண்டிக்கும் குழிக்கும் அதனால் தடையில்லை.

செய்யமுடியுமா என்று சந்தேகப்பட்டால், நம் ஊரிலேயே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. நடிகர் ச்சோ து 2001இல் சிலரோடு சேர்ந்து இலவச இறுதிச் சடங்குச் சேவைச் சங்கத்தைத் தொடங்கினார். அதுவரைக்கும் சாவுக்காரியம் தொடுவதை அபசகுனமாக நினைத்தவர்கள் அதிகம். பெரிய நடிகர் ஒருவர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தார். 2015இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். இனம், மதம் பார்க்காமல், காசு வாங்காமல் எடுக்கிறார்கள். பலரும் அவர்களைப் பார்த்துத்தான் பேட்டைக்குப் பேட்டை இப்படிச் சங்கம் வைத்தார்கள். எல்லாமே நன்கொடையில் ஓடுகிறது. கொடுக்கிறவன் ஒருவன், பெறுகிறவன் வேறொருவன். கொடுத்தவனுக்கு இரசீது உண்டு. பெறுகிறவனிடம் நோட்டு கேட்பதில்லை. பௌத்தர்கள் இதைப் புண்ணியம் என்று செய்கிறார்கள். ஒரே சரீரத்தின் அவயவங்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிற நாம் ஏன் தயங்குகிறோம்?

இனி சந்தோஷத்தைப் பற்றி. சிலருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிரசங்கத்துக்கு முன்னால் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கிறோம். "மகனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்ததற்காக இன்னார் குடும்பத்தினர் ஐந்து லட்சம் கியாட்." சபை "ஆமென்" என்கிறது. "பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்காக இன்னார் மூன்று லட்சம்." ஆமென். தொகை இறங்க இறங்க ஆமெனும் இறங்குகிறது. நீங்கள் மேடையில் இருப்பதால் உங்களுக்குக் கேட்காமல் இருக்கலாம். பின்பெஞ்சில் நன்றாகவே கேட்கிறது.

காலையில் தெருமுனையில் இட்லியும் மொஹிங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸும் விற்கிற ஒரு தங்கச்சி எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளையின் அம்மா. அவள் மகள் பாடம் கற்றுக்கொடுக்க ஆளில்லாமல், மெழுகுவத்தியில் படித்து, பள்ளி இறுதித் தேர்வில் தேறினாள். ஒரு பாடத்தில் சிறப்புத் தேர்ச்சியும் வாங்கினாள். நம் சபையே எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டிய செய்தி. அந்தத் தங்கச்சி உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "டீச்சர், பேர் வாசிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். "இதப் போயி வாசிச்சா..." என்று அவள் முடிக்காமல் விட்டுவிட்டாள். உறையின் ஓரத்தில் மாவு ஒட்டியிருந்தது. பெயர் இல்லாமல் அந்தக் காணிக்கை மற்ற உறைகளோடு போயிற்று. அந்தப் பெண் தேறின செய்தி சபைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் வயதுப் பிள்ளைகள் இரண்டு பேராவது புத்தகத்தை மறுபடியும் எடுத்திருப்பார்கள். 2021க்குப் பிறகு பள்ளியை விட்ட பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்!

பணம் எப்போதும் சந்தோஷத்தைக் கெடுக்கும் என்று நான் சொல்லவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பாருங்கள். போன முறை ஒரு சின்னப் பையன் வீட்டுத் தொட்டியில் காய்த்த ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்தான். ஏலத்தில் எடுத்தவர் திருப்பி சபைக்கே கொடுத்தார். அதை இன்னொருவர் எடுத்தார். அவரும் திருப்பிக் கொடுத்தார். ஒரு பழம் ஆலயத்தை ஐந்தாறு சுற்று வந்தது. ஒவ்வொரு தடவையும் பையன் பெஞ்சின்மேல் ஏறிக் குதித்தான். அந்தப் பெஞ்சில் காசு இருந்தவரும் இல்லாதவரும் ஒரே சத்தத்தில் சிரித்தோம். விலை ஏறினது பழத்துக்கு, ஆளுக்கல்ல. காணிக்கை வாசிப்பில் ஏறுவதும் இறங்குவதும் ஆள்.

கொரிந்து சபைக்குப் பவுல் கோபமாக எழுதின இடம் உங்களுக்குத் தெரியும். கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்த இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட்டார்கள், வேலை முடிந்து பிந்தி வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று அவர் கேட்கிறார். அடுத்த அதிகாரத்தில்தான் நாம் அடிக்கடி சொல்லும் வசனம்: "ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும், ஒரு அவயவம் மகிமைப்பட்டால் எல்லா அவயவங்களும் கூடச் சந்தோஷப்படும்." முந்தின அதிகாரத்தை விட்டுவிட்டு இந்த வசனத்தை மட்டும் வால்பேப்பரில் அச்சடித்து மாட்டியிருக்கிறோம்.

தூரத்துத் துக்கத்துக்கு நாம் குறைவில்லாமல் கொடுக்கிறவர்கள். 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர் என்று கணக்கு. அப்போது நம் ஆலயக் கூரையே பறந்திருந்தது, ஆனாலும் ஐராவதி டெல்டாவுக்கு அரிசி போயிற்று. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு மண்டலேயும் சகாயிங்கும் இடிந்தபோது, அடுத்த ஞாயிறே தார்ப்பாயும் உப்பும் மருந்தும் மூட்டை கட்டினோம். அது வெள்ளிக்கிழமை மத்தியானம், ரம்ஜான் மாதம். தொழுகையில் இருந்த முஸ்லிம் சகோதரர்கள் நூற்றுக்கணக்கில் பள்ளிவாசல்களுக்குள் இறந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்தே அனுப்பினோம். அதற்காகச் சபைப் பெரியவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். மண்டலேக்குப் போன அந்தக் கைதான் நம் ஆலயத்தின் மூன்றாவது பெஞ்சுக்கும் வரவேண்டும் என்கிறேன்.

இன்னொரு காரியம் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது மேலே சொன்ன இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. நாம் ஒருவருக்கொருவர் மறைக்கப் பழகிவிட்டோம். பிள்ளை எங்கே என்று கேட்டால் "சொந்தக்காரர் வீட்டுல" என்கிறோம். விசா கிடைத்தால் விமானம் ஏறும்வரை வாய் திறப்பதில்லை. ஒரு ஞாயிறு பாடகர் குழுவில் ஆல்டோ குரல் ஒன்று குறைகிறது. அடுத்த வாரம்தான் அவள் மலேசியாவில் இருப்பது தெரிகிறது. மற்றவர்கள் மனம் நோகுமே, கண் படுமே, யாராவது போய்ச் சொல்லிவிடுவார்களே என்ற பயம். அந்தப் பயம் வீணான பயம் என்று நான் சொல்லமாட்டேன். போதகர்கள் "ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம்" என்று பெயர் சொல்லாமல் ஜெபிப்பது ஞானமான காரியம், அப்படியே இருக்கட்டும். ஆனால் மேடையில் சொல்லமுடியாததை வீட்டில் சொல்லலாமே. வீடு சந்திக்கும் வழக்கம் 2020இல் நின்றது. நோய் போய்விட்டது, வழக்கம் திரும்பவில்லை. இரவு ஊரடங்கு வந்த பிறகு கிறிஸ்துமஸ் கீதப் பவனியும் வீட்டு வாசலுக்கு வருவதை விட்டு, ஆலய வளாகத்திலேயே முடிந்துவிடுகிறது. முன்பு டிசம்பரில் மட்டுமாவது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கால் வைப்போம். அடுப்பு எரிகிறதா, தாத்தா கட்டிலில் கிடக்கிறாரா, பையனின் செருப்பு வாசலில் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போது தானாகத் தெரிந்துவிடும். நாங்கள் பாடும்போது கட்டிலில் கிடந்த தாத்தா எழுந்து உட்கார்ந்து கூடவே பாடுவார். அந்த வீட்டுச் சந்தோஷமும் வெளியே வந்துவிடும்.

மாதர் சங்கத்துச் சகோதரிகளில் சிலர் இதற்கு ஆயத்தமாக இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பேட்டை, இரண்டு பேராகப் போவது. கையில் நோட்டு கூடாது, காணிக்கை உறை கூடாது. ஒரு பாட்டு, ஒரு ஜெபம், கொடுத்தால் ஒரு டீ. கேட்டதை யாரிடமும் சொல்லமாட்டோம். உதவி தேவைப்பட்டால் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு போதகரிடம் மட்டும் சொல்வோம். ஊரைவிட்டுப் போகிறவர்கள் விரும்பினால் போவதற்கு முந்தின நாள் அவர்கள் வீட்டிலேயே நாலு பேர் கூடி ஜெபித்து அனுப்பலாம். போன பிறகு அவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ தமிழ் ஆராதனைக்குப் போய் உட்காரும்போது, தங்களை யாரோ அனுப்பிவைத்தார்கள் என்ற நினைவோடு உட்காருவார்கள்.

கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்று வீட்டுக் குழுக்கள் கூடுகின்றன, அங்கே இது ஓரளவு நடக்கிறது. பிப்ரவரியில் ஞாங்லேபின் மாதா திருவிழாவுக்குப் போகிறவர்கள், பஸ்ஸில் இடமிருந்தால் மற்றச் சபைக்காரரையும் ஏற்றிக்கொள்கிறார்கள். அங்கே சோறு போடும் பந்தியில் யார் எந்தச் சபை என்று எந்தக் கரண்டியும் கேட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கம் அசனப் பண்டிகை என்று ஊரே அரிசி போட்டு, ஊரே சமைத்து, ஒரே பந்தியில் சாப்பிடுகிற வழக்கம் உண்டு. நம் முன்னோர்களில் சிலர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தானே. அதை இங்கே வருஷத்துக்கு ஒருமுறையாவது எல்லாத் தமிழ்ச் சபைகளும் சேர்ந்து வைக்கலாம். அந்தப் பந்தியில் அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளின் பெயர், தேர்வில் தேறினவர்களின் பெயர், கலியாணம் ஆனவர்களின் பெயர் வாசிக்கட்டும். அதே மூச்சில் இறந்தவர்களின் பெயரும் வாசிக்கட்டும். தொகை ஒன்றும் வேண்டாம்.

ஜனவரியில் வருடாந்தக் கூட்டங்கள் வருகின்றன. நிகழ்ச்சிநிரலில் மூன்று வரி சேர்க்க உங்களைக் கேட்கிறேன்: சாவு ஃபண்டு விதியில் பாக்கிப் பத்தியை நீக்குவது, காணிக்கை வாசிப்பில் தொகையை நிறுத்துவது, மற்றத் தமிழ்ச் சபைகளோடு பொது அடக்க நிதி பற்றிப் பேச ஒவ்வொரு சபையிலிருந்தும் இரண்டு பேரை நியமிப்பது. அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பிணத்தைக் குளிப்பாட்டுவதும், அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் உட்காருவதும் அநேகமாக நாங்கள்தான். எதற்கு எவ்வளவு செலவாகும் என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்த ஆறாம் மாடி வீட்டு அக்கா இப்போதும் ஆலயத்துக்கு வருகிறார். பாக்கியை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறார். அதை வாங்கவேண்டாம் என்று இந்த வாரமே அந்தச் சபைக் கமிட்டி தீர்மானித்தால் ஜனவரிவரை காத்திருக்கத் தேவையில்லை. அவரிடம் போய்ச் சொல்ல நான் வருகிறேன். மூப்பர் ஒருவரும் கூட வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி,
யாங்கூன்